காரைத் தாழ்த்தலாமா?

நம் சங்க விழாக்களுக்கு வரும் வண்டிகளில் இப்போதெல்லாம் இரண்டு மூன்றாவது மற்றவற்றைவிடக் குட்டையாகத் தெரிகின்றன. கம்பெனியிலிருந்து வந்தபோது அவை அப்படி இல்லை. வீட்டுப் பிள்ளைகள் மெக்கானிக் ஷெட்டில் கொடுத்து இறக்கி வாங்கி வந்தவை. பிள்ளைகளைக் கேட்டால், "பார்க்க ஸ்டைலாக இருக்கிறது அங்கிள், வளைவில் சாயாமல் போகிறது" என்கிறார்கள். பெற்றோரைக் கேட்டால், "இடுப்புதான் போகிறது. அவன் சம்பளத்தில் வாங்கிய கார், நாம் என்ன சொல்வது?" என்கிறார்கள். பிம்ப்ரி - சிஞ்ச்வட் பக்கத்தில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் சம்பந்தப்பட்ட வேலையிலேயே முப்பது வருடங்களுக்கு மேல் காலம் தள்ளியவன் என்பதால் இரு தரப்பாரும் என்னிடம் நியாயம் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைத் தாழ்த்துவது பைத்தியக்காரத்தனம் அல்ல. அதில் உண்மையான பலன் உண்டு. ஆனால் தினமும் ஆபீசுக்கும் பள்ளிக்கும் போய், வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு ஊருக்கும் போகிற சிறிய காரில் அந்தப் பலனுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

அந்த இடைவெளி எதற்கு?

எந்தக் காரிலும் டயருக்கும் அதன் மேலுள்ள மட்கார்டு வளைவுக்கும் நடுவே நான்கு விரல் நுழையும்படி ஒரு காலியிடம் இருக்கும். இளைஞர்களின் கண்ணை உறுத்துவது அதுதான். "கம்பெனிக்காரன் இவ்வளவு இடத்தை வீணாக விட்டிருக்கிறானே" என்பார்கள். வீண் அல்ல. சக்கரம் மேலே ஏறி இறங்குவதற்கான இடம் அது.

சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அழுங்கி அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. அழுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும்பி வண்டியைத் தூளி மாதிரி ஆட்டாமல் பிடித்து நிறுத்துவது ஷாக் அப்சார்பர். பெயர் அப்படி இருந்தாலும் அதிர்ச்சியில் பெரும் பங்கை வாங்குவது ஸ்பிரிங்தான், ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. ஸ்பிரிங் அழுங்கி முடிந்து இனி இடமே இல்லை என்ற நிலை வந்தால் கடைசியில் ஒரு ரப்பர் தடுப்பு இருக்கிறது. அதில் போய் மோதும்போதுதான் "டக்" என்ற சத்தமும் முதுகெலும்பில் ஓர் அடியும் கிடைக்கின்றன. அந்த ரப்பர் எப்போதாவது உதவுவதற்கு வைத்தது. தினமும் அதன் மேலேயே சவாரி செய்வதற்கு அல்ல.

தாழ்த்தினால் என்ன லாபம்?

பந்தயக் கார்களைப் பார்த்துத்தான் இந்த ஆசை வருகிறது. நம் ஊர்ப் பக்கமே இரண்டு பந்தய மைதானங்கள் இருக்கின்றன. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்தது ஒன்று. கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் வந்த கரி மோட்டார் ஸ்பீட்வே மற்றொன்று. அங்கே ஓடும் கார்கள் தரையோடு தரையாக இருக்கும். பாதை வழவழப்பாக இருப்பதால் சக்கரம் அதிகம் ஏறி இறங்க வேண்டியதில்லை. வளைவில் வேகம் குறையாமல் திரும்ப வேண்டும் என்பதே அங்கே குறி.

அதே ஓட்டுநர்கள் மண்பாதையில் நடக்கும் ராலிப் போட்டிக்குப் போகும்போது என்ன செய்கிறார்கள்? காரை உயர்த்துகிறார்கள். ஸ்பிரிங் அழுங்குவதற்கு இன்னும் கூடுதலாக இடம் விடுகிறார்கள். ஆக, தாழ்ந்த கார்தான் வேகமான கார் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பாதைக்கு ஏற்ற உயரமே சரியான உயரம். நம் கட்ராஜ் சாலையும் கம்பாட்கி மலைப்பாதையும் எதற்கு நெருக்கம் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

வளைவில் கார் ஏன் சாய்கிறது? அதன் எடையின் மையப்புள்ளி தரைக்கு மேலே இருக்கிறது, பிடிமானமோ தரையில் டயரிடம் இருக்கிறது. மையப்புள்ளி எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்குப் பாரம் தாவும். சிறிய காரில் அந்த உயரம் சுமார் 550 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ. தாழ்த்தும்போது பாரம் தாவுவது ஏறக்குறைய 5 சதவீதம் குறைகிறது. இது உண்மையான லாபம், ஆனால் சிறிய லாபம். "சாயாமல் போகிறது" என்று பிள்ளைகள் சொல்வதற்கு முக்கியக் காரணம் புதிய ஸ்பிரிங் கெட்டியாக இருப்பதே.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நம் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் முன்சக்கரத்தை ஒரு செங்குத்துத் தூணும் கீழே ஒரு கையும் பிடித்திருக்கின்றன. மக்பெர்சன் அமைப்பு என்று பெயர். வண்டியை அதிகமாக இறக்கினால் அந்தக் கீழ்க்கை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, எடையின் மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். சாயவைக்கும் நெம்புகோல் நீளமாகிவிடுகிறது என்று அர்த்தம். கொஞ்சம் தாழ்த்தினால் கிடைக்கிற லாபம் நிறையத் தாழ்த்தினால் கையை விட்டுப் போவது இதனால்தான்.

எப்படித் தாழ்த்துகிறார்கள்?

முதல் வழி, இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுவது. செலவு குறைவு, ஆபத்து அதிகம். ஸ்பிரிங்கின் நுனி அதன் கிண்ணத்தில் சரியாக உட்காரும்படி வடிவமைத்தது. வெட்டிய நுனி அப்படி உட்காராது. வேலை செய்யும் சுற்றுகள் ஆறு இருந்த இடத்தில் ஒன்றை வெட்டினால் ஐந்துதான் மிஞ்சும், ஸ்பிரிங் 20 சதவீதம் கெட்டியாகும். ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்குப் பொருத்தமானதாகவே இருக்கும்.

இரண்டாவது வழி, காஸ் வெல்டிங் ஜுவாலையில் ஸ்பிரிங்கைச் சூடுகாட்டி அமுங்கவைப்பது. இதை யார் சொன்னாலும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். ஸ்பிரிங் எஃகுக்கு அதன் குணம் கணக்காகச் சூடேற்றிக் குளிரவைத்ததால் வந்தது. தாறுமாறாகச் சூடுபட்ட இடத்தில் அந்தக் குணம் போய்விடும். நான்கு சக்கரத்துக்கும் நான்கு உயரம் வரும், ஒரு நாள் நடுரோட்டில் உடையவும் உடையும்.

மூன்றாவது, தாழ்த்துவதற்கென்றே தயாரித்த ஸ்பிரிங்குகள். பொதுவாக 25 முதல் 40 மி.மீ. வரை இறக்கும், கூடவே கெட்டியாகவும் இருக்கும். நான்காவது, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஜோடியாக, உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும்படி வருவது. செலவு அதிகம் என்றாலும், ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்திருப்பதால் இருப்பவற்றில் நல்ல வழி இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு

இப்போது விஷயத்துக்கு வருவோம். புரிவதற்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் காரின் எண்கள் சற்று மாறலாம், தத்துவம் மாறாது.

பின்சக்கரத்து ஸ்பிரிங் 1 மி.மீ. அழுங்க 2 கிலோ பாரம் வேண்டும் என்போம். ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது, சக்கரம் முழுவதுமாக மேலே போய் முட்டுவதற்கு 110 மி.மீ. இடம் இருக்கிறது என்போம். பின் சீட்டில் அப்பா, அம்மா, பாட்டி. டிக்கியில் பெட்டிகள், ஊருக்குக் கொண்டுபோகும் சாமான்கள். ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் 100 கிலோ கூடுதல். ஸ்பிரிங் 50 மி.மீ. அழுங்கிவிடும். மீதி இடம் 60 மி.மீ. கம்பெனி இதையெல்லாம் எண்ணித்தான் அந்த இடைவெளியை விட்டது.

அதே காரை 40 மி.மீ. தாழ்த்தி, 25 சதவீதம் கெட்டியான ஸ்பிரிங் போடுகிறோம். இப்போது 1 மி.மீ. அழுங்க இரண்டரைக் கிலோ. ஓட்டுநர் மட்டும் இருக்கையில் மீதி இடம் 70 மி.மீ. குடும்பம் ஏறினால் 40 மி.மீ. அழுங்கும். மீதி 30 மி.மீ.

இடம் 60-லிருந்து 30 ஆயிற்று, பாதி என்று நினைக்கத் தோன்றும். ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் அடி அப்படிக் குறைவதில்லை. அழுங்கும் தூரத்தை அதே தூரத்தால் பெருக்கினால் வருகிற கணக்கில் குறைகிறது. தூரம் பாதியானால் வாங்கும் சக்தி கால் பங்கு. ஸ்பிரிங் 25 சதவீதம் கெட்டி என்பதைச் சேர்த்துக்கொண்டாலும் பழைய சக்தியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. மிச்சத்தை யார் வாங்குவது? ரப்பர் தடுப்பும், அதற்கு மேலே பாடியும், அதற்கும் மேலே பாட்டியின் இடுப்பும்தான்.

ஓட்டுநர் மட்டும் போகும்போது இதே கணக்குப்படி பாதிக்குப் பாதி சக்தி மிஞ்சுகிறது. ஆபீசுக்குத் தனியாகப் போய் வரும் பையன் "ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை" என்று சொல்வது பொய் அல்ல. அவன் உட்கார்ந்திருக்கும் முன் சீட்டில், அவன் ஒருவனுடைய பாரத்தில், அது தெரியாது. டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் உள்ள கார்களில் அதன் எடை எந்நேரமும் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

தெரிந்த குடும்பம் ஒன்று இரண்டு வருடங்களுக்கு முன் கோடை விடுமுறையில் கிருஷ்ணகிரிப் பக்கம் காரிலேயே போவதாக இருந்தது. பின்பக்கத்தில் ஏதோ சத்தம் வருகிறது என்று என்னைப் பார்க்கச் சொன்னார்கள். மகன் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருந்தான். ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினேன். சக்கரம் கீழே தொங்கியதும் ஸ்பிரிங் கிண்ணத்தைவிட்டு விலகி, கையால் ஆட்டினால் ஆடியது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அது விலகி விலகி உட்கார்ந்ததுதான் அந்தச் சத்தம். ரப்பர் தடுப்புகள் இரண்டும் நசுங்கிப் பிய்ந்திருந்தன.

அந்தப் பையனுக்கு நான் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. அவனையும் அவன் நண்பர்கள் இருவரையும் பின் சீட்டில் உட்காரவைத்து, அவன் அப்பாவை ஓட்டச் சொல்லி, சொசைட்டி வாசலிலுள்ள வேகத்தடையில் மெதுவாகத்தான் ஏற்றி இறக்கினோம். இரண்டாவது சுற்று வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். அந்த வாரமே நான்கு சக்கரத்துக்கும் கம்பெனி ஸ்பிரிங் வந்துவிட்டது. ஆகவே தாழ்த்திய கார் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு நாள் உங்கள் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து பயணம் செய்யுங்கள்.

வேகத்தடை என்ன சொல்கிறது?

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது. உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தாண்டுவதற்கானது. இவ்வளவு அகலமான மேட்டில் சிறிய கார் முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டையும் மேட்டின் மேலேயே வைத்து நிற்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுத் தூரம் 2.45 மீட்டர் என்றால், காரின் வயிற்றை நோக்கி மேடு எழும்புவது நாலரை செ.மீ.தான். தாழ்த்திய கார்கூட இதில் தட்டாது.

தட்டுவது விதிப்படி கட்டாத வேகத்தடையில். காலனி வாசலிலும் கிராமத்து முக்கிலும் ஒரு முழ அகலத்துக்கு 12 செ.மீ., 15 செ.மீ. என்று கூம்பாக எழுப்பியிருப்பார்களே, அது இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் முழு உயரத்தோடு காரின் வயிற்றுக்குக் கீழே வந்து நிற்கும். 2018-ல் வந்த மாருதி ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ. என்று கம்பெனி குறிப்பிட்டது. அதில் 40 போனால் 123. குடும்பமும் சாமானும் ஏறியதும் நடுப்பகுதி இன்னும் 25 மி.மீ. போல இறங்கும். 10 செ.மீ.கூட மிஞ்சாது. பிறகு கேட்பானேன்!

தட்டுவது சைலன்சர் குழாயில் என்றால் சத்தத்தோடு போகும். எஞ்சின் ஆயில் தேங்கும் சம்பில் தட்டி அது விரிசல் விட்டால் ஆயில் ஒழுகிவிடும். சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் தொடர்ந்து ஓட்டினால் எஞ்சினே இறுகிப்போகும். புனேயிலிருந்து சாத்தாரா, கோலாப்பூர், ஹூப்ளி, தும்கூர் வழியாக ஊருக்குப் போகிறவர்களுக்கு 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பெரிய தொந்தரவு இருக்காது. நெடுஞ்சாலையைவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பும் கடைசிப் பத்து மைலில்தான் சோதனை. இரவில், பாரத்தோடு, மெக்கானிக் இல்லாத இடத்தில். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீருக்கும் நாம் அந்த அளவுக்குத் தாழ்ந்து போயிருப்போம்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள்

வண்டி இறங்கியதும் முன்சக்கரங்களின் தலைப்பகுதி உள்பக்கம் சாயும், நேராகப் பார்க்கும் கோணமும் மாறும். உடனே வீல் அலைன்மென்ட் செய்யாவிட்டால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து கம்பி தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதுபோல இருக்கும் என்பதுதான் இதில் மோசம். ஸ்டீரிங் கம்பிகளின் கோணம் மாறுவதால், மேடு பள்ளத்தில் கார் தானாக இப்படியும் அப்படியும் இழுக்கலாம்.

சில கார்களில் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்க, பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கும் ஒரு வால்வு உண்டு. தாழ்த்திய கார் காலியாக இருக்கும்போதும் "பாரம் ஏறியிருக்கிறது" என்று அது நினைத்துக்கொண்டு பின் பிரேக்கை அதிகம் பிடிக்கும். ஈரச் சாலையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் கார் சுழலும். பின்பக்கம் மட்டும் அதிகம் இறங்கினால் ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதையும் சரிசெய்தாக வேண்டும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. ஸ்பிரிங் மாற்றுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு தகராறுக்கு இடம் கொடுக்கும். கம்பெனி வாரண்டிக்கும் சிக்கல் வரும்.

அப்படியும் ஆசை இருந்தால்

முதலில், தாழ்த்தாமலேயே ஆசை தீருமா என்று பாருங்கள். வண்டி வளைவில் அலைகிறது என்றால் பல சமயம் காரணம் தேய்ந்துபோன ஷாக் அப்சார்பர்தான். காரின் ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. புஷ்களும் டயரும் நல்லதாக இருந்து, காற்றழுத்தமும் கம்பெனி சொன்னபடி இருந்தாலே பழைய கார் புதிய கார் மாதிரி திரும்பும்.

அனுமதி பெற்றுத் தாழ்த்துவதானால், 25 மி.மீ.க்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தயாரிப்பாளரின் ஜோடியாக, நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துப் போடுங்கள். வேலை முடிந்ததும் சக்கரம் முழுதாகத் தொங்கும்படி தூக்கி, ஸ்பிரிங் தளராமல் கிண்ணத்தில் நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அன்றே அலைன்மென்ட், அன்றே ஹெட்லைட் உயரம். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் எண்ணெய் தடவிப் பத்திரமாக வையுங்கள். பெரியவர்களைப் பின் சீட்டில் உட்காரவைத்து நீண்ட தூரம் போகும் வழக்கம் உள்ள வீடு என்றால், தாழ்த்துவதே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "இதெல்லாம் எதற்கு?" என்று கோபித்துக்கொண்டால் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். மேலே உள்ள கணக்கை அவர்களிடம் கொடுத்து, தங்கள் காரின் எண்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். படித்த பிள்ளைகள். எண் பொய் சொல்லாது என்பது அவர்களுக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் மாதக் கூட்டத்துக்கு வண்டியோடு வரட்டும். என்னிடம் ஜாக்கி இருக்கிறது, அளவு நாடாவும் இருக்கிறது.